பிள்ளையைத் தேடிப் போகும் பெற்றோர்: ஐந்து படங்களில் எதைப் பார்ப்பது?

திருச்சியிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தபோது சின்னக் கேள்வி ஒன்றைத்தான் கேட்டாள். அவள் மகளுக்கு 17 வயது. இன்னும் பத்து நாளில் புணேயில் ஒரு கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு மூவருமாக வீட்டில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டுமாம். விறுவிறுப்பாக இருக்க வேண்டும், வெளியூர் போகும் பெண்ணுக்கு ஓர் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். அத்தான் யோசிக்காமல் 'டேக்கன்' என்று சொல்லிவிட்டார். நீ என்ன சொல்கிறாய் என்றாள் அக்கா.

நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடிப் பெற்றவர் அலையும் படங்களாக எனக்கு நன்றாகத் தெரிந்த ஐந்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'டேக்கன்', 'ரேன்சம்', 'பிரிசனர்ஸ்', நம்முடைய 'மகாநதி', ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ஹை அண்ட் லோ'. இவற்றில் எது சிறந்த படம் என்று கேட்டிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். வீட்டை விட்டுக் கிளம்பப்போகிற ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்துப் பார்க்கத் தகுந்தது எது என்பதுதான் அக்காவின் கேள்வி. அதற்கு அளவுகோலும் வேறு.

இந்தப் படங்களைப் பலமுறை பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. ஐந்திலும் எங்கோ ஓரிடத்தில் அந்தப் பிள்ளை வாய் திறக்கிறது. தொலைபேசியில் ஒரு கத்தல், தூக்கத்தில் ஒரு புலம்பல், காகிதத்தில் கிறுக்கிய ஒரு படம். அதைப் பெரியவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் போதும், படம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தகப்பன் எத்தனை பேரை அடித்து வீழ்த்தினான் என்ற கணக்கு மறுநாள் காலை காபிக்குள் மறந்துபோகும்.

அத்தான் சொன்ன படத்திலிருந்தே தொடங்குகிறேன். 'டேக்கன்' 2008இல் வந்தது. இயக்கியவர் பியேர் மொரெல். லுக் பெஸ்ஸோனும் ராபர்ட் மார்க் காமெனும் எழுதினார்கள். சுமார் இரண்டரைக் கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுவதும் இருபத்திரண்டு கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். அதுவரை கனமான நாடகப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றிருந்த லியாம் நீசனை ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் சண்டைப்பட நாயகனாக்கியது இதுதான். ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். ஓய்வுபெற்ற சி.ஐ.ஏ. ஆள் ஒருவர், மணமுறிவாகி மனைவி வேறொருவருடன் வாழ்கிறாள், மகள் கிம்முக்கு 17 வயது நிறைந்த நாளில் கதை தொடங்குகிறது. தோழியோடு பாரிஸ் போக அப்பாவின் கையெழுத்து வேண்டும். அவர் தயங்குகிறார், அம்மா வற்புறுத்துகிறாள், கையெழுத்துப் போடுகிறார். பாரிஸில் இறங்கிய அன்றே பெண்கள் இருவரும் கடத்தப்படுகிறார்கள். மீட்பதற்கு 96 மணி நேரம்தான் இருக்கிறது என்று ஒரு கெடு வைக்கப்படுகிறது.

இந்தப் படத்தில் ஒரு காட்சிக்கு நான் எப்போதும் தலைவணங்குவேன். கடத்தல்காரர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். மகள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். எந்தத் தகப்பனும் பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வான். இவர் அப்படிச் சொல்வதில்லை. உன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று உண்மையைச் சொல்கிறார். பிடிக்கும் நேரத்தில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கத்திச் சொல் என்கிறார். அவளும் சொல்கிறாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் வெறும் இரையாக இல்லை. தன்னைக் காப்பாற்றப் போகிறவருக்குக் கண்ணாக இருக்கிறாள். படத்தின் மிச்சம் முழுவதும் அவள் கொடுத்த அந்தச் சில சொற்களின் மேல்தான் ஓடுகிறது.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அதற்குப் பிறகு படம் அவளை மறந்துவிடுகிறது. அவளோடு வந்த தோழியைப் பிணமாகப் பார்க்கிறோம். ஒரு கணம் நின்றுவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. தகப்பன் ஓர் ஆளை நாற்காலியில் கட்டி மின்சாரம் பாய்ச்சுகிறார். பழைய நண்பரின் மனைவியை, ஒரு பாவமும் அறியாதவளை, தகவல் பெறுவதற்காகக் கையில் சுடுகிறார். இதையெல்லாம் நாம் கைதட்டிப் பார்க்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. கடைசியில் மகள் கிடைத்துவிடுகிறாள். ஏலத்தில் நிறுத்தி விற்கப்பட்ட பெண் ஊர் திரும்பியதும், அப்பா அவளைப் பிரபலப் பாடகி ஒருத்தியின் வீட்டுக்குப் பாட்டுப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறார். அத்துடன் படம் முடிகிறது. அந்தச் சில நாட்களில் அவளுக்கு என்ன நேர்ந்தது, இரவில் அவளால் கண்ணை மூட முடிகிறதா என்று ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவுக்காக இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதையில் பெண்ணை அனுப்பலாம் என்று சொன்ன தாய் தவறு செய்தவளாகவும், அனுப்பக் கூடாது என்று பயந்த தகப்பன் சரியானவராகவும் ஆகிறார்கள். வாசலைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதே படம் சொல்லும் பாடம். பெட்டி கட்டி வைத்திருக்கும் பெண்ணிடம் இதையா போட்டுக் காட்டுவது? அவள் மேற்கொண்டு எதையும் வீட்டில் சொல்லாமல் மறைக்கத்தான் இது பழக்கும். கிம்மும் தன் உண்மையான பயணத் திட்டத்தை அப்பாவிடம் மறைத்துத்தான் போகிறாள். ஏன் மறைத்தாள் என்று படம் யோசிக்கவே இல்லை. அத்தான் தன் நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும். விறுவிறுப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

'ரேன்சம்' 1996இல் வந்தது. ரான் ஹோவர்டின் இயக்கம். மெல் கிப்சன் ஒரு விமான நிறுவனத்தின் அதிபர், ரெனே ரூசோ அவர் மனைவி. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓர் அறிவியல் கண்காட்சிக் கூட்டத்தில் அவர்களின் சிறுவயது மகன் காணாமல் போகிறான். இருபது லட்சம் டாலர் கேட்கிறார்கள். முதலில் கொடுக்கத் தயாராகும் தகப்பன் ஒரு கட்டத்தில் மனம் மாறி, தொலைக்காட்சியில் அந்தப் பணத்தை மேசை மேல் பரப்பிவைத்துக்கொண்டு, கடத்தியவனுக்கு ஒரு காசு தரமாட்டேன், அவனைப் பிடித்துக்கொடுப்பவருக்கு இதுதான் பரிசு என்று அறிவிக்கிறார். 1956இல் க்ளென் ஃபோர்டு நடித்து வந்த படத்தின் மறு ஆக்கம் இது. அந்த அறிவிப்புதான் இரண்டுக்கும் முதுகெலும்பு.

எனக்கு இதில் பிடித்தது கணவன் மனைவி சண்டை. பணத்தைக் கொடுத்தால் பிள்ளை திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதம் என்ன என்று அவர் கேட்கிறார். கொடுக்காவிட்டால் கொன்றுவிடுவான் என்று அவள் பதறுகிறாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு முன்பு ஒரு சிக்கலிலிருந்து லஞ்சம் கொடுத்துத் தப்பியவர் அந்த மனிதர். பணம் கொடுக்கிற ஆள் என்று தெரிந்துதான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு முடிச்சு படத்தைச் சாதாரண துரத்தலிலிருந்து தூக்கி நிறுத்துகிறது. சிறுவனின் குரலுக்கும் இங்கே ஓரிடம் உண்டு. முடிவுக்குச் சற்று முன் அவன் ஒரு குரலைக் கேட்கிறான், அவன் உடல் அதற்குப் பதில் சொல்கிறது. மேலே சொன்னால் படம் கெட்டுவிடும். கடைசி இருபது நிமிடம் வழக்கமான அடிதடியில் கரைந்துபோவதுதான் குறை. இரண்டு மணி நேரம் சலிக்காமல் போகும். வேறு எதுவும் அமையாவிட்டால் அக்கா இதைப் பார்க்கலாம்.

'பிரிசனர்ஸ்' பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு முட்டும். டெனி வில்னுவ் இயக்கத்தில் 2013இல் வந்தது, 153 நிமிடம். பென்சில்வேனியாவில் நன்றி நவிலும் நாள் விருந்துக்காக இரண்டு குடும்பங்கள் கூடியிருக்கும்போது, சிறுமிகள் இருவர் தெருவுக்குப் போய்த் திரும்பவில்லை. ஹ்யூ ஜாக்மன் ஒரு தச்சர், தகப்பன். ஜேக் ஜில்லன்ஹால் துப்பறியும் அதிகாரி. அறிவில் குழந்தையாகவே நின்றுவிட்ட ஓர் இளைஞனைப் பிடிக்கிறார்கள். சாட்சியம் இல்லாமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் விட்டுவிடுகிறார்கள். தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பாழடைந்த கட்டடத்தில் அடைத்து வதைக்கத் தொடங்குகிறார். ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவில் மழையும் சாம்பல் நிற வானமும் அந்த ஊரின் மேல் ஈரத்துணி போலக் கிடக்கின்றன.

'டேக்கன்' ஒரு நிமிடத்தில் முடித்துவிட்ட சித்திரவதையை இந்தப் படம் நம்மை உட்காரவைத்துப் பார்க்கவைக்கிறது. அந்தத் தகப்பன் கெட்டவர் இல்லை. கர்த்தரின் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே அடிக்கிறார். அவர் எதிரில் ஒருவன் சிதைந்த வாயால் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். இவருக்குத் தான் கேட்க விரும்பும் பதிலைத் தவிர வேறு எதுவும் காதில் விழுவதில்லை. உண்மை அங்கேயே, அந்த அறையிலேயே இருக்கிறது. வன்முறை ஒரு மனிதனின் செவியை எப்படி அடைத்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது. பெற்றோராக இருப்பவர்கள் ஒருமுறை தனியாகப் பார்க்க வேண்டிய படம். ஆனால் 17 வயதுப் பெண்ணோடு, அவள் கிளம்பும் வாரத்தில் பார்க்கக் கூடாது. அவள் தாங்கமாட்டாள் என்பதற்காகச் சொல்லவில்லை; இதில் பேச்சுக்கு இடமே இல்லை. படம் முடிந்ததும் மூவரும் தனித்தனியாக எழுந்து படுக்கப் போய்விடுவார்கள்.

எச்சரிக்கைக்காகத்தான் படம் பார்ப்பது என்றால், இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களில் போலீஸ் எப்போதும் கையாலாகாததாகவும் தகப்பனின் கையே சட்டமாகவும் இருக்கும். கதைக்கு அது வசதி. நம் நாட்டில் குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால், அது கடத்தலாகவோ ஆள்கடத்தல் வணிகமாகவோ இருக்கலாம் என்ற அனுமானத்தோடு உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் சட்டப்படி குழந்தைதான். ஆகவே அக்கா மகளும் இன்னும் சில மாதங்களுக்குக் குழந்தைதான். குழந்தைகள் உதவிக்கான 1098, அவசர உதவிக்கான 112 என்ற இரண்டு எண்களை அவள் கைபேசியில் பதிந்துகொடுப்பது எந்தப் படத்தைவிடவும் அவளுக்கு உதவும். எச்சரிக்கையை எண்களாகக் கொடுத்துவிட்டால், படத்தின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டியதில்லை.

இனி 'மகாநதி'. இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

1994 பொங்கலுக்கு வந்த படம். சந்தானபாரதி இயக்கம், கமல்ஹாசனின் கதை, ரா.கி. ரங்கராஜனின் வசனம், இளையராஜாவின் இசை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் நிம்மதியாக வாழ்ந்த கிருஷ்ணசாமி சென்னைக்கு வந்து, சீட்டு நிறுவன மோசடியில் சிக்கி, சிறைக்குப் போகிறார். அதற்குள் குடும்பம் சிதறிவிடுகிறது. மகன் பரணி கழைக்கூத்தாடிகளோடு இருக்கிறான். மகள் காவேரி கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் இருக்கிறாள். வீட்டில் வேலை செய்தவர்கள் தன் மகள்களைக் கடத்தத் திட்டமிட்டதைத் தான் கண்டுபிடித்ததுதான் இந்தக் கதைக்கு வித்து என்று கமல் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். ஒரு தகப்பனின் நிஜமான அச்சம் இதன் அடியில் ஓடுகிறது என்பதைப் படம் பார்க்கும் யாரும் உணரலாம்.

'டேக்கன்' படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டிலும் மகள் விற்கப்படுகிறாள், இரண்டிலும் தகப்பன் தெரியாத ஊரில் அவளைத் தேடுகிறான். பாரிஸில் முகம் தெரியாத அயல்நாட்டுக் கும்பல் வீடு புகுந்து வருகிறது. காவேரியை யாரும் வீடு புகுந்து தூக்கிப்போகவில்லை. அப்பா சிறையில், வீட்டில் காசில்லை, அப்பாவை ஏமாற்றிய அதே ஆளிடமே உதவி கேட்டுப் போகும் நிலை. தெரிந்த முகம், உதவுவதாக ஒரு பேச்சு, ஒரு பணத் தேவை. பிள்ளைகள் பறிபோகும் வழியைப் பற்றி உண்மையைச் சொன்னது நம் படம்தான்.

மீட்பைப் பாருங்கள். சோனாகாச்சியில் மகளைக் கண்ட கிருஷ்ணசாமி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறார். அங்குள்ள அடியாட்கள் அவரை அடித்துப் போடுகிறார்கள். அவர் கையில் வித்தை எதுவும் இல்லை. அவருடைய கதறலைக் கேட்ட அந்த வீட்டின் பெண்கள்தான் மனமிரங்கி, அழைத்துக்கொண்டு போ என்று விடுகிறார்கள். அடியால் வராத விடுதலை, தாங்களும் ஒரு காலத்தில் யாருக்கோ மகளாக இருந்த பெண்களின் இரக்கத்தால் வருகிறது. உலகத்தின் எந்தக் கடத்தல் படத்திலும் இதற்கு ஈடான காட்சியை நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த இரவு. வீட்டுக்கு வந்துவிட்ட காவேரி தூக்கத்தில் புலம்புகிறாள். அந்த இடத்தில் பேசிப் பழகிய பேச்சு அவளை அறியாமல் வாயிலிருந்து வருகிறது. தகப்பன் பக்கத்தில் நின்று கேட்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு பாட்டுப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் முடிவெல்லாம் எவ்வளவு பொய் என்று புரிந்துவிடும். மீட்டுவிட்டோம் என்ற சொல்லே அங்கே பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வரும் பழிவாங்கலைக் குறித்து எனக்குக் குறை உண்டு. மகள் சொன்னதைக் கேட்ட மனிதர், அவளோடு இருக்க வேண்டிய காலத்தில் கொலைக்குப் போய், மீண்டும் பல ஆண்டுகள் சிறைக்குப் போகிறார். அவள் மறுபடியும் தகப்பன் இல்லாதவளாகிறாள். படத்துக்கு அந்த வேதனை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதை முழுதாக எடுத்துப் பேசவில்லை.

ஐந்தில் எனக்கு மிக நெருக்கமான படம் இது. அதனாலேயே அந்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டாம் என்கிறேன். இதைப் பார்த்த இரவில் அத்தானால் மகளைப் புணேவுக்கு அனுப்ப முடியாது. அக்கா அழுதுகொண்டே இருப்பாள். நடுவில் அந்தப் பெண் இருவரையும் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போகிறவளின் தோளில் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. முதல் விடுமுறைக்கு, பொங்கலுக்கு அவள் வீடு திரும்பும்போது பார்க்கட்டும். வெளியூரில் நாலு மாதம் தனியாக இருந்துவிட்டு வந்தவளாக அவள் அதைப் பார்ப்பாள். அப்போது அவளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

கடைசியாக 'ஹை அண்ட் லோ'. ஜப்பானியத் தலைப்பின் பொருள் சொர்க்கமும் நரகமும் என்பது. 1963இல் வந்தது, கறுப்பு வெள்ளை, 143 நிமிடம். எட் மெக்பெய்ன் எழுதிய அமெரிக்கத் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்துக் குரோசவா யோகஹாமாவில் பொருத்தினார். 2025இல் ஸ்பைக் லீ இதையே டென்சல் வாஷிங்டனை வைத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். நான் சொல்வது பழையதை.

மேட்டின் மேல் பெரிய வீடு. கோண்டோ என்ற செருப்பு நிறுவன அதிகாரியாக நடிகர் தொஷிரோ மிஃபுனே. சாதாரணச் செருப்புத் தொழிலாளியாகத் தொடங்கியவர். இருந்த சொத்தையெல்லாம் அடகுவைத்து, நிறுவனத்தையே தன் கைக்குக் கொண்டுவர ஐந்து கோடி யென் திரட்டி வைத்திருக்கிறார். அந்த இரவில் தொலைபேசி அடிக்கிறது. உன் மகனைத் தூக்கிவிட்டோம், மூன்று கோடி யென் கொடு. கொடுக்கிறேன் என்கிறார், தயக்கமே இல்லை. அடுத்த நிமிடம் அவர் மகன் அறைக்குள் ஓடிவருகிறான். விளையாட்டில் உடை மாற்றிக்கொண்டதால் கடத்தியவன் ஆள் மாறித் தூக்கிவிட்டான். அவன் கையில் இருப்பது கார் ஓட்டுநர் ஆவோகியின் மகன் ஷினிச்சி. தவறு தெரிந்த பிறகும் கடத்தியவன் அசையவில்லை. அதே பணத்தைக் கேட்கிறான்.

இப்போது கொடுப்பாரா? கொடுத்தால் அவர் தெருவில் நிற்பார். முதல் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி அந்த ஒரே வரவேற்பறையில்தான் நடக்கிறது. துப்பாக்கிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. நாற்காலி நுனியில் உட்காரவைக்கும். ஜன்னல் வழியே கடத்தியவன் பார்த்துவிடக் கூடாது என்று போலீஸ்காரர்கள் தரையில் தவழ்கிறார்கள். ஆவோகி ஒரு மூலையில் நிற்கிறான். அவனும் தகப்பன்தான். ஆனால் கையில் பணம் இல்லை, பேச உரிமையும் இல்லை, கேட்கவே கூசுகிறான். ஒரு கட்டத்தில் முதலாளியின் காலில் விழுகிறான், இன்னொரு கட்டத்தில் என் மகன் சமாளித்துக்கொள்வான், பணம் கொடுக்க வேண்டாம் என்று தலைகுனிகிறான். மற்ற நான்கு படங்களிலும் தேடுகிறவர்தான் நாயகன். இங்கே கதாநாயகனின் பிள்ளை பத்திரமாக வீட்டில் இருக்கிறது. பறிபோனது குரல் இல்லாதவனின் பிள்ளை. அடுத்தவன் பிள்ளைக்கு நீ என்ன விலை கொடுப்பாய் என்ற கேள்வியை எந்தத் தகப்பனாலும் எளிதில் தாண்டிப் போக முடியாது.

சண்டைக்காட்சி வேண்டும் என்று அத்தான் கேட்டால், ரயில் காட்சியைக் காட்டலாம். பணப்பைகள் ஏழு சென்டிமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. ஏன் என்று ஓடும் 'கொடாமா' ரயிலில்தான் தெரிகிறது. கழிவறை ஜன்னல் அவ்வளவுதான் திறக்கும். உண்மையான ரயிலிலேயே பல கேமராக்களை வைத்து எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் காட்சி உண்டு. பைகளில் போலீஸ் கொடுத்த அடையாளப் பொருளை மறைத்துத் தைக்க வேண்டும். கோண்டோ தன் பழைய செருப்புத் தைக்கும் கருவிகளை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து தானே தைக்கிறார். எதையும் பேசாமல் அந்த மனிதரின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடும் இடம்.

பணம் போன பிறகுதான் சிறுவனின் பங்கு தொடங்குகிறது. தன்னை அடைத்து வைத்திருந்த இடத்திலிருந்து தெரிந்த கடலையும் ஃபூஜி மலையையும் அவன் வரைந்திருக்கிறான். ஒரு பிள்ளையின் கிறுக்கல்தானே என்று யாரும் தள்ளிவிடவில்லை. மலை எந்தப் பக்கம், சூரியன் எங்கே என்று போலீஸ்காரர்கள் அதை ஒரு வரைபடம்போலப் பார்க்கிறார்கள். கடத்தியவனின் தொலைபேசிப் பதிவில் பின்னணியில் கேட்கும் ரயில் சத்தத்தை வைத்து எந்தத் தடம் என்று கண்டுபிடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆவோகி, முதலாளி இழந்ததை எப்படியாவது மீட்டுத் தர வேண்டும் என்று, மகனைக் காரில் உட்காரவைத்துக்கொண்டு கடலோரச் சாலைகளில் அலைகிறான். இந்த வழியா, இந்தத் திருப்பமா என்று விரட்டி விரட்டிக் கேட்கிறான். அதிகாரம் எதுவும் இல்லாத தகப்பன், வழி சொல்லும் சிறுவன். பிள்ளையைத் தேடிப் போகும் கதைகள் அத்தனையிலும் எனக்குப் பிடித்த பயணம் அந்தக் கார்ப் பயணம்தான். கட்டிலுக்கடியில் ஒளிந்த கிம்முக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. ஷினிச்சியின் நினைவை நம்பிப் படத்தின் பாதி நடக்கிறது.

இந்தப் படத்துக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். கடத்தலுக்கு ஜப்பானியச் சட்டம் கொடுத்த லேசான தண்டனை குரோசவாவைக் கோபப்படுத்தியிருந்தது. படம் வெளியானது 1963 மார்ச் 1ஆம் தேதி. அதே மாதம் 31ஆம் தேதி டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். 1964இல் பணத்துக்காக ஆளைக் கடத்துவதற்கென்று ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்ந்தது. நம் நாட்டிலும் இத்தகைய குற்றத்துக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதித்த 364ஏ பிரிவு 1993இல்தான் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

படத்திலும் குறை இருக்கிறது. பிற்பகுதியில் போலீஸ் விசாரணை சற்று நீளம். யோகஹாமாவின் போதைச் சந்து ஒன்றைக் காட்டும் பகுதி கடுமையானது; அக்கா முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கறுப்பு வெள்ளை, அதுவும் ஜப்பானிய மொழி, பெண் உட்கார்ந்து பார்ப்பாளா என்று கேட்பாள். கொரியத் தொடர்களைத் துணையெழுத்தோடு விடிய விடியப் பார்க்கிறவள் அவள். மொழி அவளுக்குத் தடையாக இருக்காது. அத்தானுக்குத்தான் முதல் அரைமணி நேரம் பொறுமை வேண்டும்.

மறுநாள் காலை அக்காவை அழைத்து இதைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு 'ஹை அண்ட் லோ'. அத்தான் ஒரேயடியாக மறுத்தால் 'ரேன்சம்'. பொங்கலுக்கு 'மகாநதி'. 'பிரிசனர்ஸ்' நீயும் அத்தானும் மட்டும், அவள் போன பிறகு ஒருநாள். ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். ரயில் காட்சி முடிந்து சிறுவன் கிடைத்ததும் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்; தோசைமாவை முன்பே தயாராக வைத்துக்கொள். சாப்பிடும்போது அத்தான் ஏதும் சொல்வதற்கு முன்னால், கோண்டோ செய்தது சரியா என்று அவளிடம் முதலில் கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை இருவரும் குறுக்கே பேசாதீர்கள். பிறகு மிச்சப் படத்தைப் போடுங்கள்.